பஹானா மறித்த மாத்திரை

என் மாமியார் பஹானாவை ஊரில் எல்லாரும் நல்லவள் என்பார்கள். கரும்புக்காட்டில் புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள், வாத்து வளர்த்து, வெண்ணெய் விற்று ஏழு பிள்ளைகளை ஆளாக்கியவள். தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முதலில் போய் நிற்பாள். எதுவும் பொய்யில்லை. ஊருக்கு நல்லவளாக இருப்பது சுலபம். அவளோடு ஒரே கூரைக்குக் கீழே மூன்று பிள்ளை பெற்றவள் நான், என்னைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெற்றவளின் இடுப்பு வலிக்கென்று முகாத் காய்ச்சுவார்கள். ஒரு வேரைப் பொடித்து, நெய்யில் வறுத்து, எள்ளும் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சும் பானம். பஹானாவைப் போல முகாத் காய்ச்ச நைல் நதியின் இந்தக் கரையில் ஆள் கிடையாது. பார்க்க வந்தவர்களெல்லாம் இரண்டு தம்ளர் குடித்து, சப்புக்கொட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு வந்தது அடிச்சட்டியில் தங்கிய கசடு.

பெறும்போது வரும் வலியை மறந்துவிடலாம். பெற்ற பின் வரும் வலி இருக்கிறதே, அது ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடிக்கொண்டே போகும். இரண்டாவதுக்கே என்னைப் பாடாய்ப் படுத்தியது, அப்போது வாய் திறக்கவில்லை. மூன்றாவது பிறந்த மறுநாள், மகன் மார்பில் வாய் வைத்ததும் அடிவயிற்றை ஈரத்துணி பிழிவது போல முறுக்கியது. கர்ப்பப்பை பிள்ளையைத் தேடுகிறது, குப்புறப் படு, சரியாகிவிடும் என்றாள் பஹானா. வந்திருந்த பெண்களில் ஒருத்தி, மூன்றாவதுக்கும் இப்படி அலட்டுகிறாளே என்று சிரித்தாள். அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

என் புருஷன் ஷாத்லிக்கு சர்க்கரை ஆலையில் வேலை. நான் சொல்லியனுப்பியபடி, பால் கொடுப்பவளுக்கு ஆகும் வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்தான். கூடவே ஒரு மடத்தனமும் செய்திருந்தான். மகன் பிறந்த சந்தோஷத்தில் சவரம் செய்துகொண்டு, கன்னம் பளபளக்க வந்து நின்றான்.

பஹானா எழுந்து கதவை மறித்தாள். புதிதாகச் சவரம் செய்தவன் பெற்றவளின் அறைக்குள் நுழைந்தால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சரி, அவர் வரவேண்டாம், மாத்திரையையாவது வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவன் கையில் வந்த மாத்திரையும் அவன் மாதிரிதான், நாற்பது நாள் போகட்டும், தருகிறேன் என்றாள். பெண்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஷாத்லி வெளியே நின்று அம்மா, அம்மா என்று முனகினானே தவிர, ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை.

மகன் மறுபடி பாலுக்கு அழுதான். அவனை மார்பில் வைக்க எனக்கே பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்பட வைத்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வழக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெற்றவளே எழுந்து நிலைப்படியைத் தாண்டிப் போய் அவனைப் பார்த்துவிட்டால் பாதகமில்லை. பஹானாவுக்கும் அது தெரியும். நான் எழுந்திருக்க மாட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

சுவரைப் பிடித்து எழுந்தேன். கால் வழியே ரத்தம் சூடாக இறங்கியது.

"வழிய விடுங்க அத்த. நானே வெளிய போறேன். உங்க சட்டந்தானே இது?"

"உன் திமிருக்கு அளவே இல்லயாடி? ஏழு பெத்தேன். எனக்கு ஒருத்தி ஒரு மாத்திர குடுத்தாளா? நீ மட்டும் நோகாம இருக்கணுமோ?"

அவளுக்குப் பாலைப் பற்றிய கவலையே இல்லை, விஷயம் இவ்வளவுதான்.

"குடுக்காதவள போய்த் திட்டுங்க. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவளைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே போனேன். ஷாத்லியின் மொழுமொழு முகத்தை எல்லாரும் பார்க்கும்படி நன்றாகப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

சற்று நேரத்தில் வலி அடங்கியது. மகனை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். வயிறு முட்டக் குடித்துத் தூங்கிப்போனான். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, பால் வற்றவில்லை. பஹானா சாகும்வரை என்னை மன்னிக்காதது அதற்காகத்தான்.