செகண்ட் ஹேண்ட் ரோலர் கோஸ்டர்

எங்கள் அப்பாவுக்குப் பழைய சாமான் என்றாலே ஆகாது. துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். நாற்காலியோ சைக்கிளோ, கடையிலிருந்து புது வாசனையோடுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அடுத்தவன் உட்கார்ந்த நாற்காலியை வாங்கினால் அவன் முதுகுவலியும் சேர்ந்து வரும் என்பார்.

எங்கள் தீவில் பாயான் பாரு பக்கம் கேளிக்கைப் பூங்கா திறந்து, அதன் ரோலர் கோஸ்டரைப் பற்றி ஊரே வாயைப் பிளந்துகொண்டிருந்த சமயம், அவர் மட்டும் சாப்பாட்டு மேசையில் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னா புதுசு? கப்பல்ல துண்டு துண்டா வந்து இறங்கினத நான் பாத்தேன்லா. ஜப்பான்ல ஓடித் தேஞ்சது. செகண்ட் ஹேண்ட்!"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

அக்கா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். அங்கே சூப்பர்வைசராக இருந்த ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். நல்ல மனிதர், எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் முதல் மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். பேச்சு வந்த அன்றே அப்பா, "என் மகளுக்குச் செகண்ட் ஹேண்ட் மாப்பிள்ளையா?" என்று கதவைச் சாத்திவிட்டார். அதிலிருந்து அப்பா வாயில் அந்த மனிதரின் பெயர் 'அந்த ஆளு'.

அப்பாவும் அக்காவும் முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோனது. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் கேட்டார்கள். ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்குத் தூது போய்ப் போய் வெறுத்துவிட்டது. பள்ளி விடுமுறையில் நான் அடம் பிடித்ததால்தான் எல்லோரும் பூங்காவுக்குக் கிளம்பினோம். அங்கேயாவது சிரித்துவிட மாட்டார்களா என்ற நப்பாசை எனக்கு.

ரோலர் கோஸ்டர் பெட்டிகளுக்குப் பளீரென்று மஞ்சள் அடித்திருந்தார்கள். ஒரு பெட்டியின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து, அடியில் ஜப்பான் எழுத்து எட்டிப் பார்த்தது. அப்பா குடை நுனியால் அதைத் தட்டினார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவருக்கு.

"பாத்தியா? பெயிண்ட் அடிச்சா புதுசாயிருமா?"

என்னிடம்தான் சொன்னார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"அங்க ஓடினது அதோட குத்தமாப்பா? ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பேச்சு ரோலர் கோஸ்டரைப் பற்றியது இல்லை என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். அக்கா போய் இருவர் உட்காரும் பெட்டியில் ஓரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலி. "செப்பாட், பாக்சிக், செப்பாட்!" என்று மலாய் வேலையாள் அப்பாவைச் சீக்கிரம் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான். அப்பா குடையையும் கண்ணாடியையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

கடகடவென்று உச்சிக்கு ஏறியது. கடலும் பாலமும் தெரிந்தன. அடுத்த கணம் பெட்டி செங்குத்தாகக் கீழே பாய்ந்தது. "மாதாவே! மாதாவே!" என்று முன்னாலிருந்து ஓர் அலறல். கடைசி வளைவு வரை அப்பா நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்தேன், அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா கத்திக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இறங்கியபோது அப்பாவின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. அக்காவின் கையை இன்னும் விடவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"அந்தத் தம்பி இதுலல்லாம் ஏறுவாரா?"

தம்பி! அக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

"பயப்படுவாருப்பா."

"பயப்படட்டும். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வீட்டுக்கு வரச் சொல்லு. நானே கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

அக்கா அவரையே கட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபோனாள். சில வருஷத்தில் பூங்காவை மூடிவிட்டார்கள். ரோலர் கோஸ்டரை மறுபடி கழற்றி எங்கோ விற்றுவிட்டார்களாம் என்று நான்தான் வந்து சொன்னேன். ஓய்வு பெற்று வீட்டிலிருந்த அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"எந்த ஊருக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"போற எடத்துல நல்லா வச்சுக்குவாங்களா?"