நாடகத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட கொக்கு பார்டர்

போன அமாவாசைக்குக் காஞ்சிபுரம் போய் வந்தேன். கோயில் பார்க்க அல்ல. அமாவாசையன்று அங்கே தறி ஓடாது. அதனால் நெசவாளர் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழு, அன்று மாலை ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம் போட்டது. மேடையின் பின்சுவரில் ப்ரொஜெக்டரால் காட்சிகளை விழச் செய்வது என் தொழில். என்னைப் போல ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம்.

தாம்பரத்தில் காலை ஏழரைக்குப் பேருந்து. வாலாஜாபாத் வழியாக இரண்டு மணி நேரம், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். ப்ரொஜெக்டர் பெட்டியைப் பார்த்ததும் நடத்துநர் இன்னொரு டிக்கெட் கிழித்தார். பெட்டிக்கு சீட் உண்டா என்று கேட்டேன். முறைத்தார்.

போகிற வழியில் பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணச் சேலைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய நாடகம் அது. இயக்குநரும் கதாநாயகியும் கௌசல்யா. அவர் கணவர் தனசேகர் பட்டு நெசவாளர். நாடகத்துக்கு ஒரு மாதம் முன்பு நான் போனபோது அவர் நிவேதா என்ற பெண்ணின் கல்யாணத்துக்குச் சேலை நெய்துகொண்டிருந்தார். பார்டர் அவரே வரைந்தது: பாலாற்று மணலில் வரிசையாகக் கொக்குகள், அதில் ஒன்று மட்டும் திரும்பிப் பார்க்கும். இந்த பார்டரில் இன்னொரு சேலை உலகத்திலேயே இருக்காது என்று நிவேதா வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கௌசல்யா கெஞ்சியதால் நாடகத்துக்காக மட்டும் படமெடுக்க என்னை விட்டார். மண்டபச் சுவரின் புகைப்படத்தில் அந்த பார்டரைப் பொருத்தி, எந்தக் காட்சியில் என்ன விழும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு முன்னோட்ட வீடியோ செய்து குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். எல்லா நாடகத்துக்கும் இப்படித்தான் செய்வேன். இல்லாவிட்டால் நடிகர்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். காந்தி ரோடு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்தபோது ஒரு கடை வாசல் பொம்மையைப் பார்த்தேன். "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"இன்னா சார், பர்ஸ உட்டுட்டியா?" என்றார் ஓட்டுநர்.

பொம்மை கட்டியிருந்தது கொக்கு பார்டர். பட்டு இல்லை, வழவழவென்று பிரிண்ட் சேலை, அறுநூற்றைம்பது ரூபாய். திரும்பிப் பார்க்கும் கொக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, வலப்பக்கக் கொக்குகள் போகப் போகப் பெரிதாக இருந்தன. மண்டபச் சுவர் வலப்புறம் சாய்ந்திருப்பதால் முன்னோட்டத்தில் நான்தான் படத்தை அப்படி இழுத்திருந்தேன். அந்தக் கோணல் என் கை வேலை.

தனசேகர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கௌசல்யாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோவ வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல நான்தான் வெச்சேன் சார்," என்றார் தனசேகர்.

விருந்தாளி காபி குடிக்க வந்தாலே தறியின் மேல் துணி போட்டு மூடுகிற மனிதர் இவர்! "நீங்களா?" என்றேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தறியில இருந்தா மூடுவேன். இது நாடகத்துப் படம். சுவத்துல தெரியறது சேலைன்னே எனக்குத் தோணல சார்."

என் கோபம் என் பக்கமே திரும்பியது. எனக்கும்தானே தோன்றவில்லை? அந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுத்தா நாமதான் திருடினோம்னு ஆயிடும். இருக்கட்டும்."

"நிவேதா வீட்ல இப்பவே சொல்லிடுய்யா," என்றார் கௌசல்யா.

"நாடகம் பார்க்க வந்துக்கினு இருக்காங்க. சேலைய நேர்ல காட்டிட்டு சொல்றேன்."

மாலை ஆறரைக்கு நாடகம். கடைசி வரிசையில் ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் நானும் தனசேகரும். எங்களுக்கு முன் வரிசையில் நிவேதாவும் அவள் அத்தையும். கல்யாணக் காட்சி வந்தது. சுவர் முழுக்கக் கொக்குகள் இறங்கின. இந்த முறை எல்லாம் ஒரே அளவில், நேராக. கூட்டம் கைதட்டியது. நானும் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தேன்.

அப்போது அத்தை நிவேதாவிடம் சொன்னார்: "ஏய், காந்தி ரோட்ல பார்த்தோமே, பிரிண்ட் சேல, அதப் பார்த்து போட்டுக்கிறாங்க பாரு."

அசல் நகலாகிவிட்டது, அதுவும் அசலைச் செய்தவரின் காதுபடவே.

நாடகம் முடிந்ததும் தனசேகர் சேலையைப் பிரித்துக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். நிவேதா சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப அழகா இருக்குதுண்ணா. ஆனா கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாரும் அத்தை சொன்னதத்தானே சொல்லுவாங்க."

சேலையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி, போகப் போகிறவர்களுக்கு. சனி, ஞாயிறில் காந்தி ரோடு வழியாகப் பெட்டியோடு போகாதீர்கள், முகூர்த்தக் கூட்டம் நகரவிடாது. மண்டபத்தில் மின்சாரத்தை மதியமே சோதியுங்கள். முன்னோட்டத்தை வாட்ஸப்பில் போடவே போடாதீர்கள். நடிகர்களைக் கூட்டிவைத்து உங்கள் லேப்டாப்பில் காட்டுங்கள், அல்லது படத்துக்குப் பதில் வெறும் கட்டங்களை அனுப்புங்கள். யார் எங்கே நிற்பது என்று தெரிய அது போதும். முக்கியமாக, படத்தில் இருப்பது யாருடைய உழைப்போ, அவரிடம் 'இதை யார் யார் பார்க்கலாம்' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

நேற்று கௌசல்யா கூப்பிட்டார். அடுத்து வாலாஜாபாத்தில் நாடகம். கல்யாணக் காட்சிக்கு வேறு படம் செய்து தரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"படம் வாணாம்ணா. வெறும் வெள்ள வெளிச்சம் உடு. அந்தச் சேலைய நான் கட்டிக்கினு நிக்கறேன்."