பேசாத புதுக் கம்ப்யூட்டர்

பிரிண்டர் பழுது பார்க்கச் சிந்தாதிரிப்பேட்டைக் கடைக்குப் போனபோதுதான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். மயிலாப்பூரிலிருந்து கம்ப்யூட்டரோடு ஆட்டோவில் வந்திருந்தார். பார்வை கிடையாது. யார் பேசினாலும் இடது காதை அந்தப் பக்கம் திருப்புவார்.

அவருடைய பழைய கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும். அதை இதே கடையில் கொடுத்துவிட்டு, புது பிராசஸர் போட்டதை வாங்கியிருந்தார். எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டையும் அதில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் படித்துக் காட்டும் புரோகிராம் புதியதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நின்றுவிட்டது.

"பழசையே கொடுத்துடுங்கோ. மெதுவா இருந்தாலும் பேசிண்டிருந்தது."

"அத்த அப்பவே கழட்டி வித்துட்டோம்மா" என்றார் கடைக்காரர். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். சத்தமே வரவில்லை.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "கடைசியா எழுதின பக்கத்தை மட்டும் படிக்கிறேளா?"

படித்தேன்.

"இன்னொரு தரம்."

மறுபடி படித்தேன். மறுபடியும் கேட்டார். இம்முறை அவர் உதடுகளும் என்னோடு சேர்ந்து அசைந்தன. விட்ட இடத்திலிருந்து எழுத மனப்பாடம் செய்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னும் நிதானமாகப் படித்தேன்.