சுண்ணாம்பு அடித்த வெள்ளம்

பிள்ளைகளா, போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சுவருக்குத் திறப்பு விழா நடந்தது.

கதவைத் திறக்கலாம். கடையைத் திறக்கலாம். சோடா பாட்டிலைக்கூடத் திறக்கலாம். சுவரை எப்படித் திறப்பார்கள்? எனக்கும் அதே சந்தேகம்தான். வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, சுவரின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனை வெட்டினார்கள். சுவர் அப்படியே நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

சும்மா நிற்கிற சுவருக்கு எதற்குக் கைதட்டல்? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சி. எங்கள் தெருவை ஒட்டி ஓர் ஓடை போகிறது. வருடம் முழுக்க அதில் கோழி மேயும். ஐப்பசியில் மலைப்பக்கம் மழை விடாமல் பிடித்தால் கோழி கரையேறிவிடும், வெள்ளம் இறங்கிவிடும். தெருவுக்கு ஒரு முனை மேடு, ஒரு முனை பள்ளம். மேட்டில் தங்கவேலு அண்ணனின் டீக்கடை. கூடவே எஸ்.டி.டி. பூத். பள்ளத்தில் பேச்சியக்காவின் வீடு.

பேச்சியக்கா இட்லி அவித்து விற்கிறவர். அவருடைய சமையலறையின் பின்சுவரைத் தாண்டினால் ஓடை. ஒரு ஐப்பசியில் அந்தப் பின்சுவரையே வெள்ளம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இட்லிக் கொப்பரையும் கூடவே போனது. பாலத்துத் தூணில் சிக்கிக் கிடந்ததைப் போய் எடுத்து வந்தோம். இன்னொரு வெள்ளம் வந்து அடுப்படி மொத்தமும் போனால் அக்காவுக்குப் பிழைப்பு இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வருசநாட்டில் மகள் வீட்டோடு போக வேண்டியதுதான். அவருக்கோ இந்தத் தெருவை விட்டால் தூக்கம் வராது. எங்களுக்கோ அவர் இட்லியை விட்டால் விடியாது.

அந்த நேரத்தில்தான் கவுன்சிலர் வந்து ஒரு நல்ல செய்தி சொன்னார்.

"வெள்ளத் தடுப்புக்கு நிதி வந்திருக்கப்பா! ஓடையோரம் செவரு கட்டப் போறாக. ஆபிசரு வந்து பாப்பாரு. யார் வீட்டுல எம்புட்டு ஒசரம் தண்ணி நின்னுச்சோ, அம்புட்டு ஒசரத்துல செவத்துல கோடு போட்டு வையுங்க."

இவ்வளவுதான் சொன்னார். நல்ல யோசனைதானே? எங்கள் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் நல்ல யோசனையாகவே இருந்திருக்கும்.

முதல் வீட்டுக்காரர் முழங்கால் உயரத்தில் கோடு போட்டார். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அவன் வீட்டுக்கே முழங்கால்னா, என் வீட்டுக்கு இடுப்பு கூட இல்லையா? நான் என்ன கேவலமா போயிட்டேன்?" அவர் இடுப்புக்குப் போட்டார். அதற்கடுத்த வீட்டில் மார்பு. அப்புறம் கழுத்து. என் வீட்டில் வந்தது கணுக்கால் தண்ணீர். நான் கணுக்காலில் கோடு போடக் குனிந்தேன். "நாலு பேருக்கு முன்னாடி மானத்தை வாங்காதீக" என்று வீட்டுக்காரி பிரஷைப் பிடுங்கித் தன் தோள் உயரத்துக்கு இழுத்துவிட்டாள்.

இப்படி வீட்டுக்கு வீடு ஏறி, கோடு மேட்டு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கவேலு அண்ணன் கடைக்கு இன்றுவரை ஒரு சொட்டு வெள்ளம் வந்ததில்லை. அவர் ஸ்டூல் போட்டு ஏறி, நிலைக்கு மேலே, சிவப்பு பெயின்டில் கோடு போட்டார். பக்கத்தில் அம்புக்குறி வேறு.

எங்கள் வீட்டுச் சின்னவள் கேட்டாள்: "அப்பா, தண்ணி மேட்டுல ஏற ஏற ஆழமாகுமா?"

"படிக்கிற வேலையைப் பாரு" என்றேன். பதில் தெரியாதபோது அப்பாக்கள் சொல்வது இதைத்தான்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். மேட்டிலிருந்தே ஆரம்பித்தார். சிவப்புக் கோட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க இவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னா, பஸ் ஸ்டாண்டே முங்கியிருக்கணுமே?"

"முங்குச்சு சார்" என்றார் தங்கவேலு அண்ணன். யோசிக்கவே இல்லை.

"அப்ப நீங்க எப்படிப் பொழைச்சீங்க?"

"டீ ஆத்திக்கிட்டே மேல ஏறிட்டேன் சார்."

அதிகாரி கேமராவை வெளியே எடுத்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். கோடு போட்ட வீடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டே பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார். எங்களுக்கு மூச்சு வந்தது. பேச்சியக்கா வீட்டில்தான் நிஜக்கோடு இருக்கிறதே! வெள்ளமே போட்ட கோடு... கழுத்தளவுக்குச் செம்மண் அப்பிக் கிடக்குமே!

போய்ப் பார்த்தால் வீடு பளிச்சென்று நிற்கிறது.

நீலம் கலந்து, இரண்டு பூச்சு சுண்ணாம்பு. வாசலில் கோலம். நிலையில் மாவிலை. பின்சுவர் இருந்த இடத்தில், பந்தல்காரரிடம் வாங்கி வந்த கல்யாண வீட்டுப் படுதா தொங்குகிறது. ஜரிகை வைத்தது! அக்கா எடுத்துவைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, செம்பில் தண்ணீரோடு நிற்கிறார்.

"இங்க வெள்ளம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். கழுத்து மட்டுக்கும்."

"அடையாளம் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு சார். பெரியாளுக வாராகன்னு சொன்னாக... அதான் அடிச்சு விட்டுட்டேன்."

"சார், அந்தப் படுதாவை விலக்கிப் பாருங்க!" என்று நான் கத்தினேன்.

"ஏந்தம்பி, சும்மா இரு! அங்கன அலங்கோலமா கெடக்கு. வீட்டுக்கு வந்தவுககிட்ட அதையா காட்டுவாக?" அக்கா படுதாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி மரியாதை தெரிந்தவர். பெண்கள் வேண்டாம் என்ற இடத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தார். "வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். ஜீப் போய்விட்டது. "பாத்தியா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாக" என்ற அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நிதி வந்தது. சுவரும் வந்தது. எங்கே? கோடு எங்கே உயரமோ அங்கே! தங்கவேலு அண்ணன் கடைக்குப் பின்னால், மேட்டில், கல்லும் சிமெண்டுமாக ஒரு சுவர். நிதி தீர்ந்த இடத்தில் சுவரும் தீர்ந்தது. பேச்சியக்கா வீடு அதற்கும் கீழே, அப்படியே ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சுவரில் உட்கார்ந்து டீ குடிப்போம். மிளகாய் காயப்போடுவோம். ஒரு தடவைகூட நனையாத வெள்ளத் தடுப்புச் சுவரை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த ஐப்பசியில் ஓடையில் மறுபடி வெள்ளம் வந்தது. தெருவே பள்ளத்துக்கு ஓடியது. அடுப்பு, கிரைண்டர், அரிசி மூட்டை என்று கைமாற்றிக் கைமாற்றி மேட்டுக்குக் கொண்டு போனோம். எல்லாவற்றையும் எதன்மேல் வைத்தோம் தெரியுமா? அந்தச் சுவரின்மேல்தான். பாவம், அதற்கும் ஒரு வேலை கிடைத்தது.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால்... அக்காவின் வெள்ளைச் சுவரில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி செம்மண் கோடு! அடுப்படியில் பாதித் தரை போயிருந்தது. அக்கா அழுதுகொண்டே முதலில் தேடியது சுண்ணாம்பு மட்டையை.

தங்கவேலு அண்ணன் ஓடிப்போய் மட்டையைப் பிடுங்கினார். "ஆத்தா, உன்னைக் கும்புடுறேன். அந்தக் கோட்டைத் தொட்டுறாத!"

நகராட்சியில் மனு கொடுத்தோம். அதிகாரி வருகிறவரை தெருவே அந்தக் கோட்டுக்குக் காவல். வெள்ளம் போட்ட கோடு மழையில் நனைந்து அழிந்துவிடக் கூடாதென்று, தங்கவேலு அண்ணன் தன் கடைத் தார்ப்பாயை அவிழ்த்து வந்து கட்டினார். அவர் கடையில் டீ குடித்தவர்கள் குடையோடு நின்று குடித்தார்கள். தை பிறக்கப்போகிறது, ஊரே வெள்ளையடிக்கிறது. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தம்பி, எருமை படுத்த குட்டை மாதிரி இருக்குடா. இங்கன மட்டும் ரெண்டு இழுப்பு இழுத்துக்கிறேன்..."

"கூடாதுக்கா."

"பொங்கப் பானை வைக்கிற எடத்துல மட்டும்?"

"கூடவே கூடாது."

அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊரிலேயே வெள்ளையடிக்காத வீடு அவருடையது மட்டும்தான். அக்கா பொங்கல் வைத்தார். முகத்தைத்தான் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை.

பொங்கல் கழித்து அதிகாரி வந்தார். கோட்டைப் பார்த்தார். அக்கா மறுபடியும் கட்டியிருந்த படுதாவை இந்த முறை யாரையும் கேட்காமல் அவரே விலக்கினார். நேரே ஓடை. சமையலறையில் ஜன்னல் இருக்கலாம்... ஓடை இருக்கலாமா? டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடு வரைக்கும் அளந்தார்.

"ஏம்மா, அன்னிக்கே இதைக் காட்டியிருக்கலாமே?"

"நீங்க விருந்தாளியாச்சே சார்" என்றார் அக்கா.

பிள்ளைகளா, விருந்தாளிக்கு வீட்டின் அழகைக் காட்டுங்கள். டாக்டருக்கும் ஆபிசருக்கும் வலிக்கிற இடத்தைக் காட்டுங்கள். இல்லாத வலியைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, மேட்டில் மிளகாய் காய்கிற சுவர் சாட்சி.

மறுபடி நிதி வந்தது. போன வாரம் திறந்தது, அதில் கட்டிய புதுச் சுவரைத்தான். பேச்சியக்காவின் அடுப்படிக்குப் பின்னால், கெட்டியாக நிற்கிறது. விழா அன்று காலையில் போய்ப் பார்த்தேன். கருங்கல் சுவர் முழுக்க ஈரச் சுண்ணாம்பு. அக்கா கையில் மட்டையோடு நிற்கிறார்.

"பெரியாளுக வாராகள்ல தம்பி?"

ரிப்பன் வெட்டி முடிந்ததும் அதிகாரி களைப்பாகச் சுவரில் இடுப்பளவில் நீட்டிக்கொண்டிருந்த கல் வரிசையில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது அவருடைய நீலப் பேண்ட்டில், இடுப்புக்கு நேராக, அளவெடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

தங்கவேலு அண்ணன் டீ கிளாஸை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சார், உங்களுக்கு இடுப்பு மட்டுக்கும் வெள்ளம் வந்திருக்கு. அழிச்சுறாதீக... நிதி வரும்!"