தேயிலைக் கொட்டையில் இருபத்தொன்று

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் எதிரே உள்ள தொழிலாளர் லைன் வீடுகள் கரையும். பிறகு பாதை, பிறகு வாசல் கம்பியில் காயும் துணி. எல்லாம் போய் நாங்கள் மட்டும் மிச்சமிருக்கும் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்துதான் நானும் அக்காவும் பிளாக்ஜாக் கற்றுக்கொண்டோம்.

அக்கா தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உல்லாசக் கப்பலில் சீட்டு மேசையை நடத்தும் டீலர் வேலைக்கு எழுதிப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று வாரத்தில் கோலாலம்பூரில் நேர்முகம், அங்கேயே மேசையில் நிறுத்திப் பார்ப்பார்களாம். அவள் கடலைப் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறைதான். அதற்குப் பிறகு அவள் பேச்சில் கடல் வராத வாரமில்லை.

நான் எஸ்.டி.பி.எம். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. கைப்பேசியில் ஒரு விளையாட்டை இறக்கி, அது இனாமாகக் கொடுத்த பொய்க்காசை இரண்டு நாளில் தோற்று, மூன்றாம் நாள் ஆட்டம் பிடிபட்டு, அக்காவுக்கு விளக்கினேன். சீட்டுகளைக் கூட்டி இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் போக வேண்டும். படச்சீட்டு பத்து. ஏஸ் ஒன்று அல்லது பதினொன்று. டீலர் பதினேழு வரும்வரை எடுத்தே ஆக வேண்டும்.

பந்தயம் கட்ட வீட்டில் ஏதாவது வேண்டும். லைனுக்குப் பின்னால் ஓடையோரம், வெட்டாமல் விட்டுப்போன தேயிலைச் செடிகள் மரமாகி நின்றன. அடியில் கொட்டைகள் கொட்டிக் கிடக்கும், கோலிக்குண்டு அளவில், பழுப்பாக, மெழுகு தேய்த்த மாதிரி. ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொறுக்கி வந்தோம். டின்னை அசைத்தால் தூரத்தில் மழை பெய்வதுபோல் கேட்கும்.

அம்மா கொழுந்து நிறுவை முடிந்து வந்து வாசலிலேயே நின்றார். சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர்.

"காசு வச்சா ஆடுறீங்க?"

"கொட்டைம்மா. வேணும்னா கடிச்சுப் பாருங்க."

ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். மறுநாள் டீ குவளையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள், "எனக்கும் போடு" என்றார்.

அம்மாவுக்கு ஆட்டம் புதிதில்லை. கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் லைன் முழுக்க வேர்க்கடலையைப் பந்தயம் வைத்து இருபத்தொன்று ஆடுமாம். அந்த ஆட்டத்தில் இருபத்தொன்றைத் தாண்டாமல் ஐந்து சீட்டு சேர்த்துவிட்டால் ஜெயித்த மாதிரி. எதிரில் என்ன இருந்தாலும் இரட்டிப்பு.

முதல் தடவை அம்மா ஐந்து சீட்டை விரித்துப் போட்டபோது கூட்டுத்தொகை பதினெட்டு. டீலராக இருந்த அக்காவிடம் இருபது.

"அஞ்சு சீட்டு, இரட்டிப்பா எண்ணு" என்றார் அம்மா. முகம் முழுக்க சிரிப்பு.

கைப்பேசி ஆட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. ஐந்து சீட்டோடு நான் தோற்றிருக்கிறேன். அன்று இரவு அக்காவிடம் சொன்னேன்.

"அம்மாவுக்கு மட்டும் விடு லா" என்றாள் அக்கா. "இத்தன வருசத்துல நம்மகூட உக்காந்து ஒரு விளையாட்டு ஆடியிருக்காங்களா?"

நானும் விட்டேன். அம்மா மெல்ல மெல்ல, குளிரில் விறைத்த விரல்களால் சின்னச் சின்னச் சீட்டாகச் சேர்த்து ஐந்துக்குப் போவார். அக்கா அவர் முன்னால் கொட்டைகளைத் தள்ளுவாள். போட, எடுக்க, தள்ள என்று அவள் கைகள் நாளுக்கு நாள் அழகாயின. மடித்த கம்பளிதான் மேசை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. சில சமயம் வீடே நங்கூரம் எடுத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

நேர்முகத்தன்று முதல் பஸ்ஸில் போனாள். மாலையில் போன் வந்தது.

"பண்ணிட்டேன்டி."

"என்ன பண்ணுன?"

"கடைசி ஆட்டம். எதிர்ல ஒருத்தருக்கு அஞ்சு சீட்டு, பத்தொம்போது. எனக்கு இருபது. நான் பாட்டுக்கு இரட்டிப்பா எண்ணித் தள்ளிட்டேன். கை அதுவா போயிடுச்சு. ஏன் குடுத்தீங்கன்னு கேட்டாங்க. எங்க வீட்டுல அப்படித்தான்னு சொன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சிருந்தா நல்லாருக்கும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வரச் சொல்லியிருக்காங்க. அதோட சரி, அதுக்கப்புறம் கெடையாது."

அவள் கை தானாகப் போகவில்லை. போகும்படி நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பழக்கியிருந்தோம். அப்படி ஒரு விதி இல்லை என்று முதலில் கண்டவள் நான், ஆனாலும் அந்தக் கம்பளியில் தினமும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு வெள்ளை இறங்கியது. ஊர் திரும்பியிருந்த அக்கா கம்பளியை விரித்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னதை மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தோம், காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டு, நான்கு, மூன்று, ஆறு, இன்னொரு மூன்று. ஐந்து சீட்டையும் வரிசையாக வைத்துவிட்டு அம்மா நிமிர்ந்தார். அக்கா தன் சீட்டுகளைத் திருப்பினாள். ராஜாவும் ராணியும்.

அவள் கை டின்னுக்குப் போய், பாதியில் நின்றது.

"பதினெட்டும்மா" என்றாள் மெதுவாக. "எனக்கு இருபது."

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கப்பல்ல இப்படித்தானா?"

"இப்படித்தாம்மா."

தன் முன்னாலிருந்த கொட்டைகளை அம்மா இரண்டு கையாலும் அணைத்து அக்கா பக்கம் தள்ளினார். ஒன்று உருண்டு கம்பளியைத் தாண்டி வாசல் வெள்ளைக்குள் போனது. யாரும் எழவில்லை.

"போடு" என்றார் அம்மா. "மூணு மாசம் இருக்குல்ல."