மாப்பிள்ளையின் மாதச் சம்பளமும் என் நாள்கூலியும்

என் மாப்பிள்ளை கிட்-ஹாங்குக்கு நான் முப்பதாயிரம் டாலர் கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் ஹாங்காங்கில் பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் தரை என் கைபட்டது. டைல்ஸ் ஒட்டி ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வாங்குகிறவன். அந்த வருஷம் முழங்கால் வீங்கி இரண்டு மாதம் படுத்துவிட்டேன். எழுந்தால் புயல் எச்சரிக்கை. வேலை நின்றால் எங்களுக்குக் கூலி கிடையாது; அப்போது வாங்கியதுதான் அந்தக் கடன்.

மாப்பிள்ளை காப்பீட்டு நிறுவனத்தில், யார் எத்தனை வயதில் சாவார் என்று கணக்குப் போடுகிறான். புயலென்றால் அவனுக்கு லீவு. மாதம் முப்பத்திரண்டாயிரம் குறையாமல் வந்துவிடும்.

அவன் வீட்டுச் சமையலறையும் குளியலறையும் பழுதாகிக் கிடந்தன. “நான் இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?” என்று நானே இறங்கினேன். சொந்தத்தில் முன்கூட்டி விலை பேசுவது எங்கள் வழக்கமில்லை. கடன் கழியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருபது நாள் வேலை. தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காது.

முடிந்த அன்று மீன் அவித்து விருந்து வைத்தார்கள்.

“அந்த முப்பதாயிரத்த மெதுவாவே குடுங்க மாமா, அவசரமில்ல” என்றான்.

நான் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். “அப்ப என் கூலி?”

“நம்ம வீட்டு வேலைக்குமா மாமா கூலி?”

“செத்தவங்கள எண்ணறதுக்கு நீங்க வாங்கறீங்கல்ல மாப்ள?”

என் மகள் யுக்-திங் அவனை முறைத்தாள். “கீழ்வீட்ல இப்பத்தான் வேலை நடந்துச்சு. ஆளுக்கு என்ன குடுத்தாங்கன்னு போய்க் கேட்டுட்டு வாங்க.”

போனவன் வாடிய முகத்தோடு வந்தான். “ஒரு நாளைக்கு ரெண்டாயிரமாம். இருபது நாள்னா நாப்பதாயிரம். என் ஒரு மாசச் சம்பளத்தவிட ஜாஸ்தி.”

“படிச்ச மூளைக்கு இப்பத்தான் எட்டுதா?”

“ஆனா மாமா, உங்களுக்கு லீவு நாளுக்குச் சம்பளமில்ல, போனஸ் இல்ல. வருஷக் கணக்குப் பாத்தா நான்தான் மேல.”

அவன் சொன்னது சரி. அதுதான் என் வயிற்றெரிச்சல். நாற்பது வருஷமாக நாள்கூலியை முப்பதால் பெருக்கித்தான் ஊரெல்லாம் பீற்றியிருக்கிறேன். முப்பது நாளும் வேலை கிடைத்த மாதம் ஒன்றுகூட இல்லை.

“வருஷத்த விடுங்க மாப்ள. கடன் போக மீதி என்ன?”

“பத்தாயிரம்” என்றாள் மகள்.

அவன் பணம் எடுக்கப் போனான். திரும்பி வந்ததும் நான் கையை நீட்டினேன். ஆயிரம் டாலர்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான்.