கூகையின் சிறகுக்குச் சத்தமில்லை

பிரிஸ்டல் நகரில் தயாராகும் காட்டுயிர்ப் படங்களுக்கு இருபத்தாறு வருடங்களாக ஓசை கொடுப்பவள் க்ளெனிஸ் டோவி. தொலைவிலிருந்து எடுத்த காட்சியில் சத்தம் பதிவாகாது. அதனால் பனிக்கரடி நடந்தால், பனி நொறுங்கும் ஓசைக்காகக் காலுறைக்குள் மாவை அடைத்துப் பிசைவாள்; பறவை எழும்பினால் தோல் கையுறைகளை உதறுவாள். இதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை. அங்கே இருந்த சத்தத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம் என்பது அவள் கட்சி.

அன்று திரையில் ஒரு கூகை வயல் எலியை நோக்கி இறங்கியது. க்ளெனிஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையுறை எங்க க்ளெனிஸ்? படபடன்னு நாலு உதறு உதறுங்க," என்றான் இயக்குநர் பியர்ஸ்.

"கூகை பறந்தா சத்தம் வராது கண்ணு. வந்திருந்தா எலி ஓடியிருக்கும், உனக்குக் காட்சியே கிடைச்சிருக்காது."

"பாக்கறவங்க சேனலை மாத்திடுவாங்க. முடியாதுன்னா சொல்லுங்க, அடுத்த தொடருக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"தாராளமா பாரு. கூகைக்குக் கோழிச் சிறகு ஒட்டறவங்க நிறைய கிடைப்பாங்க."

காய்ந்த புல்லை மைக்கருகே வைத்து, எலியின் நடைக்கு இரண்டு விரலால் அளைந்தாள். கூகை திரைக்குள் வந்ததும் விரலை எடுத்துவிட்டாள். ஆறு நொடி எதுவுமில்லை. பிறகு புல் ஒரே ஒருமுறை நொறுங்கியது.

பியர்ஸ் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக மறந்திருந்தான். பாராட்டவில்லை. "அந்த ஆறு நொடியில லேசா எதாவது..." என்று இழுத்தான்.

பதிவுத் தாளில் 'கூகை: சத்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, க்ளெனிஸ் மேலங்கியை மாட்டினாள்.

"அதுல கைய வெச்சா, படத்துலேர்ந்து என் பேரை எடுத்துடு."